உருமியின் இரண்டு முகங்கள்

பொட்டிப்புரம் பக்கம் கோயில் பொங்கல் என்றால் உருமி மேளத்துக்குத் தனி மரியாதை. அதன் ஒரு முகத்தில் மெல்லிய குச்சி விழும். அடிகளைத் தனித்தனியாகக் கேட்கலாம். மறுமுகத்தில் வளைந்த குச்சி தோலை அழுத்தித் தேய்த்துக்கொண்டே போகும். சிக்கும், வழுக்கும், மறுபடி சிக்கும். ஒரு நொடிக்குள் எத்தனையோ தடவை! காதில் விழுவதோ ஒரே நீண்ட உறுமல். துடிப்புகள் நொடிக்கு ஏறக்குறைய 20-ஐத் தாண்டினால், மூளை அவற்றைப் பிரித்துக் கேட்பதை விட்டு ஒரே சுருதியாகக் கோத்துவிடுகிறது.

எதிரொலியும் அப்படித்தான். 170 மீட்டர் தள்ளியிருக்கும் பாறையில் பட்டுத் திரும்ப ஒரு நொடி ஆகும், தனியாகக் கேட்கும். பக்கத்துச் சுவரிலிருந்து வருவது அடியோடு அடியாகக் கலந்துவிடும்.

பிரியும் ஒலியையும் பிரியாத ஒலியையும் ஒரே வாத்தியத்தில் வைத்தவர்கள் மகா கலைஞர்கள். அடுத்த பொங்கலுக்கு ஒலிபெருக்கியை விட்டு விலகி, உருமிக்காரர் பக்கத்தில் போய் நில்லுங்கள்.