மெருகும் மெய்யும்

படிப்பவர் நெஞ்சில் ஊக்கம் பிறக்க வேண்டும் என்னும் நோக்குடன் உண்மை மனிதர்களின் வாழ்க்கையைச் சிறுசிறு கதைகளாக்கித் தரும் நூல்வகை அமெரிக்காவில் செழித்து வளர்ந்த ஒன்று. மெழுகுவத்தி செய்பவரின் மகனாகப் பிறந்து, அறிவியலாளராகவும் அரசியல் தூதராகவும் உயர்ந்த பெஞ்சமின் ஃபிராங்ளின் 1771இல் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார். அன்று ஊறிய அந்த ஊற்று இன்றும் வற்றவில்லை. குடியரசுத் தலைவர்கள், தையற்காரிகள், சமையற்காரிகள், அடிமைகள் எனப் பலதரப்பட்டோரும் அதில் இடம்பெறுகின்றனர். அக்கதைகள் தமிழிலும் வழங்குகின்றன, பிள்ளைகளின் பேச்சுப் போட்டிகளில் எடுத்தாளப்படுகின்றன, மேடைகளில் மேற்கோளாகின்றன.

இவற்றைப் பற்றி நாம் எழுப்பும் வினா ஒன்றே. உண்மைக் கதை என்று நம் கையில் தரப்படுவதில் எவ்வளவு உண்மை? ஊக்கம் ஊட்டும் பொருட்டு உண்மையைச் சற்றே செதுக்கினால் அதனால் வரும் நட்டம்தான் என்ன?

ஹதீஸ் கலை ஓதியோரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு செய்தியின் அழகை வியக்குமுன், அதைக் கொண்டுவந்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று பார்ப்பார்கள். செய்தியின் வாசகம் 'மத்னு'. அதைச் சுமந்து வரும் அறிவிப்பாளர் தொடர் 'ஸனது'. தொடரில் ஒருவர் இன்னார் என்று அறியப்படாதவராயின் அவரை 'மஜ்ஹூல்' எனக் குறித்து, அச்செய்தியை அப்பால் வைப்பர். இந்த அளவுகோலைச் சற்றே கடன் வாங்கி, அமெரிக்கக் கதைகள் சிலவற்றை நிறுத்துப் பார்ப்போம்.

முதலில் ஜார்ஜ் வாஷிங்டனும் செர்ரி மரமும். சிறுவன் வாஷிங்டன் கோடரியால் தந்தையின் மரத்தைச் சேதப்படுத்தினான். தந்தை வினவியபோது மறைக்காமல் ஒப்புக்கொண்டான். தந்தை அவனை வாரி அணைத்துக்கொண்டார். இது தெரியாத பள்ளிப்பிள்ளை அரிது. இதன் ஸனது யாது? வாஷிங்டன் 1799இல் இறந்தார். அடுத்த ஆண்டே மேசன் வீம்ஸ் என்னும் பாதிரியாரும் புத்தக வணிகருமான ஒருவர் அவர் வரலாற்றை வெளியிட்டார். அந்நூலின் முதற்பதிப்பில் இந்த மரம் இல்லை. 1806ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் அது முளைத்தது. சொன்னவர் யாரென்றால், அக்குடும்பத்துக்குத் தூரத்து உறவான ஒரு மூதாட்டியாம், பெயர் இல்லை. மஜ்ஹூலுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்காது. பின்னர் அக்கதை பள்ளி வாசகப் புத்தகங்களில் ஏறித் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டது. வாய்மையைக் கற்பிக்க வந்த கதையே வாய்மையற்றது என்றால், பிள்ளைக்கு நாம் கற்பித்தது எதனை?

இது வெறும் கட்டுக்கதை, எளிதில் தள்ளிவிடலாம். இதனினும் நுட்பமான தீங்கு, நடந்த ஒன்றை உண்மையென்றே சொல்லி, அதன் வேரை வெட்டிவிட்டுப் பூவை மட்டும் நீட்டுவது.

ரோஸா பார்க்ஸ் அம்மையாரின் கதையை எடுத்துக்கொள்வோம். 1955 டிசம்பர் 1ஆம் நாள், அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில், வேலை முடிந்து வீடு திரும்பிய கறுப்பினத் தையற்காரி ஒருவர், பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழ மறுத்தார், கைது செய்யப்பட்டார். இவ்வளவும் மெய். ஆனால் கதை சொல்வோர் இதனுடன் ஒன்றைச் சேர்த்துவிடுவர்: பாவம், வயதான அந்தப் பெண்ணுக்குக் கால் வலி, களைப்பினால் எழ முடியவில்லை, அறியாமல் செய்த ஒரு சிறு செயல் ஒரு பெரும் போராட்டத்தைப் பிறப்பித்தது.

அப்போது அவருக்கு வயது 42. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தின் மாண்ட்கோமரிக் கிளையில் 1943 முதல் செயலாளராகப் பணியாற்றியவர். அந்த ஆண்டுக் கோடையில்தான் டென்னசியிலிருந்த ஹைலேண்டர் பள்ளிக்குச் சென்று, இனப் பாகுபாட்டை எதிர்ப்பது குறித்த பயிற்சியில் கலந்துகொண்டு திரும்பியிருந்தார். தம் உடலில் அன்று தனிக் களைப்பு ஏதுமில்லை என்றும், பணிந்து பணிந்து போவதில்தான் தமக்குச் சலிப்பு ஏற்பட்டிருந்தது என்றும் 1992இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவரே விளக்கியுள்ளார். ஒருவர் தம் வாயால் சொன்ன பிறகும் கால் வலிக் கதை வாழ்கிறதே, ஏன்? களைத்த பெண்மேல் இரக்கம் கொள்வது எளிது. பன்னிரண்டு ஆண்டுகள் சங்கத்தில் உழைத்த பெண்ணைப் பின்பற்றுவது கடினம். மெருகு பூசுவோர் நம்மைக் கடினமானதிலிருந்து காப்பாற்றி எளிதானதில் உட்கார வைத்துவிடுகின்றனர்.

அக்கதையில் விடுபட்டவர்களும் உண்டு. அதே நகரில், அதே ஆண்டு மார்ச் 2ஆம் நாள், கிளாடெட் கால்வின் என்னும் 15 வயது மாணவி இடம்விட மறுத்துக் கைதானாள். பேருந்தில் இனப் பிரிவினை செல்லாது என்று 1956இல் முடிவான வழக்கில் வாதிகளாக நின்ற பெண்களுள் அவளும் ஒருத்தி. ரோஸா பார்க்ஸ் அவ்வழக்கில் வாதியல்லர். 381 நாட்கள் பேருந்தைப் புறக்கணித்து நடந்த ஆயிரக்கணக்கானோரை ஏற்றிச்செல்ல வாகனங்கள் தேவைப்பட்டன. வாகனங்களுக்குப் பணம் தேவைப்பட்டது. ஜார்ஜியா கில்மோர் என்னும் சமையற்காரி, அண்டை அயலாரான பெண்களைச் சேர்த்துக்கொண்டு, பொரித்த கோழியும் பணியாரங்களும் விற்றுப் பணம் திரட்டினார். கொடுத்தவர் யாரென்று வேலை கொடுத்த முதலாளிமார் அறிந்துவிடக் கூடாதென்பதற்காக, 'எங்கிருந்தும் வராத சங்கம்' என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டனர். நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதால் அவர் தம் வேலையை இழந்தார். பின்னர்த் தம் வீட்டு அடுப்படியையே தொழிற்சாலை ஆக்கிக்கொண்டார். ஒரே ஒரு வீராங்கனையின் கதையாக இதனைச் சுருக்கும்போது, அடுப்படியிலிருந்தும் அறம் செய்யலாம் என்னும் பாடம் நம் இல்லத்தரசியர்க்குக் கிட்டாமலே போகிறது.

ஹெலன் கெல்லரின் கதைக்கு நேர்ந்தது வேறு வகை. 19ஆம் மாதத்தில் நோயினால் பார்வையும் செவியும் இழந்த அக்குழந்தைக்கு, 1887இல் ஆன் சல்லிவன் என்னும் ஆசிரியை வந்து, குழாயடியில் ஒரு கையில் நீரைப் பாயவிட்டு மறு கையில் அச்சொல்லை எழுத்தெழுத்தாக உணர்த்திய காட்சி கல்நெஞ்சையும் உருக்கும். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு அது ஒரு வேதனையும் மகிழ்ச்சியும் கலந்த பாடம். எத்தனை மாணவர்களின் கையில் நாம் அந்தச் சொல்லை எழுதாமல் விட்டிருப்போம்! ஆனால் தொகுப்பு நூல்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அவர் 1968 வரை வாழ்ந்தார். 1904இல் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1909இல் சோஷலிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். குருட்டுத்தன்மைக்கு வறுமையும் தொழிற்சாலை விபத்துகளும் காரணமாவதை எடுத்துக்காட்டி எழுதினார். 1920இல் குடியுரிமைக் காப்புச் சங்கம் ஒன்றை நிறுவியோருள் ஒருவரானார். பேசக் கற்ற பெண்ணை உலகம் போற்றியது. அவர் பேசியதைக் கேட்க அதற்கு மனமில்லை.

இனி நம் நெஞ்சுக்கு மிக அண்மையில் வரும் ஒருவரைப் பார்ப்போம். உமர் இப்னு சயீத். இன்றைய செனகல் நாட்டைச் சார்ந்த ஃபூத்தா தோரோவில் பிறந்து, 25 ஆண்டுகள் கல்வி கற்ற ஆலிம். 1807இல் பகைப்படை ஒன்றால் பிடிக்கப்பட்டு, கடல் கடந்து சார்ல்ஸ்டன் நகரில் விற்கப்பட்டார். இறையச்சமில்லாத முதல் எசமானிடமிருந்து தப்பியோடி, வட கரோலைனாவின் ஃபயட்வில் நகரில் பிடிபட்டுச் சிறையிலிடப்பட்டார். சிறைச் சுவரில் கரிக்கட்டையால் அவர் அரபியில் எழுதினார் என்றும், அதனால்தான் ஊரார் கவனம் அவர்மேல் விழுந்தது என்றும் பின்னாளில் சொல்லப்பட்டது. ஜிம் ஓவன் என்பவர் அவரை வாங்கினார். விடுதலை பெறாமலே, உள்நாட்டுப் போர் முடியுமுன் முதுமையில் மறைந்தார். 1831இல் அவர் அரபியில் எழுதிய தன்வரலாறு இப்போது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. அந்நூலகம் அதனை 2017இல் பெற்றது. அமெரிக்காவில் அடிமையாயிருந்த ஒருவர் அரபியில் எழுதிய தன்வரலாறுகளுள் இன்று கிடைப்பதாக அறியப்பட்டது இது ஒன்றே.

அக்காலத்து வெள்ளையர் இதழ்கள் அவரை எப்படிக் கதையாக்கின? அராபிய இளவரசர் என்றன. அன்பான எசமானிடம் மனநிறைவோடு வாழ்ந்த அடிமை என்றன. தம் பழைய மார்க்கத்தை முற்றும் துறந்தவர் என்றன. 1857இல் அவர் அரபியில் எழுதிக் கொடுத்த தாள் ஒன்றின்மேல், இது ஏசுநாதர் கற்பித்த ஜெபம் என்று குறிப்பு எழுதி வைத்தனர். அரபி அறிந்தோர் பிற்காலத்தில் அதைப் படித்தபோது, அதில் இருந்தது 'இதா ஜாஅ' சூரா! எழுத்தை வியந்தவர்கள் எழுதியதைப் படிக்கவில்லை.

தன்வரலாற்றை அவர் தொடங்கும் விதமும் அத்தகையதே. நம் இல்லங்களில் இரவுதோறும் ஓதப்படும் 'தபாரக்' சூராவை, அல்முல்க் அத்தியாயத்தை, முன்னே எழுதிவிட்டுத்தான் தம் கதைக்கு வருகிறார். அரபி இலக்கணம் ஓதியோர் இவ்விடத்தில் நிற்காமல் கடக்க இயலாது. 'முல்க்' என்பது ஆட்சியுரிமை. அதே மூல எழுத்துகளிலிருந்தே 'மாலிக்' என்னும் உடையவனும், 'மம்லூக்' என்னும் உடைமையாக்கப்பட்ட அடிமையும் பிறக்கின்றனர். மனிதனை மனிதன் உடைமையாக்கிய ஒரு நாட்டில், எசமானின் கூரையின் கீழிருந்துகொண்டு, ஓர் அடிமை தம் வரலாற்றுக்கு முகப்பாக எந்தச் சூராவைத் தேர்ந்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயினும் நம்மவர்க்கும் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. உமரின் கதையை நாம் சொல்லும்போது, அவர் 1820ஐ ஒட்டி ஞானஸ்நானம் பெற்றார் என்பதையும், தன்வரலாற்றில் ஓவன் குடும்பத்தாரைப் புகழ்கிறார் என்பதையும், முன்பு தாம் தொழுத முறையையும் பின்பு கிறிஸ்தவ ஜெபம் சொல்வதையும் அருகருகே எழுதுகிறார் என்பதையும் விழுங்கிவிடத் தோன்றும். அவ்வாறு விழுங்கினால், தாளின்மேல் தவறான குறிப்பு எழுதியவருக்கும் நமக்கும் வேறுபாடு யாது? அடிமையின் எழுதுகோல் முழு உரிமையுடையதன்று. அவர் புகழ்ச்சியை அந்த நிலையோடு சேர்த்தே படிக்க வேண்டும். அவர் உள்ளத்தில் இருந்ததை அல்லாஹ்வே அறிவான். நம் முன் இருப்பது பதினைந்து பக்க எழுத்து. அதில் இரண்டும் இருக்கின்றன; இரண்டையும் படிப்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

மறைக்காமல் சொல்வதால் ஊக்கம் குன்றிவிடுமோ என்று அஞ்சுவோர்க்கு மால்கம் எக்ஸின் தன்வரலாறு விடை கூறும். 1965இல், அவர் கொல்லப்பட்ட ஆண்டிலேயே அது வெளிவந்தது. அலெக்ஸ் ஹேலியிடம் அவர் சொல்லச் சொல்ல நூல் உருவாகிக்கொண்டிருந்தபோதே, தம் தலைவரிடமிருந்து பிரிய நேர்ந்தது. முன்னர்ச் சொன்ன புகழுரைகளை அவர் திருத்தப் புகுந்தார், ஹேலி தடுத்தார், அவரும் இசைந்தார். ஆகவே வெள்ளையர் அனைவரையும் பழித்த மனிதரும், 1964இல் ஹஜ்ஜுக்குச் சென்று பல நிறத்தாருடன் ஒரே தட்டில் உண்டு மனம் மாறிய மனிதரும் அந்நூலில் சேர்ந்தே நிற்கின்றனர். முதலாமவரை அழித்திருந்தால் இரண்டாமவரின் பயணத்துக்குத் தொலைவே இராது. அச்சுத் தொழிலாளியான ஃபிராங்ளினும் தம் வாழ்க்கைத் தவறுகளை அச்சுப்பிழை என்னும் பொருளுடைய தொழிற்சொல்லாலேயே குறித்து, அவற்றை நூலில் விட்டுவைத்தார் என்பது நினைக்கத்தக்கது.

ஒரு மறுப்புரை எழலாம். சிறுவர்க்கு இவ்வளவு நுட்பம் வேண்டுமா? நற்செயல்களின் சிறப்பைச் சொல்லும் இடத்தில் பலவீனமான அறிவிப்பையும் ஏற்கலாம் என்று ஹதீஸ் அறிஞர் பலர் இடம் தந்திருக்கிறார்களே என்று ஆலிம்களே கேட்கலாம். மெய்தான். ஆனால் அந்தச் சலுகைக்கு அவர்கள் வரம்பு கட்டினர். இட்டுக்கட்டப்பட்ட செய்திக்கு எந்த நன்னோக்கமும் புகலிடம் ஆகாது என்றனர். சுருக்கிச் சொல்வது வேறு, திரித்துச் சொல்வது வேறு. சிறுவனுக்கு ரோஸா பார்க்ஸின் கதையை நான்கு வரியில் சொல்லலாம். அந்த நான்கு வரியில் ஒன்று, அவர் பல்லாண்டுகள் சங்கத்தில் உழைத்தவர் என்பதாக இருக்கட்டும்.

பொய்யான கதை தரும் ஊக்கம், உண்மை தெரியும் நாள்வரைதான் நிற்கும். அந்நாள் வரும்போது பிள்ளை கதையை மட்டும் கைவிடுவதில்லை. சொன்ன பெற்றோரையும் ஆசிரியரையும் சேர்த்தே ஐயுறுகிறான். ஆகையால் இத்தகைய நூலை இல்லத்துக்கு வாங்கும் பெற்றோர், பிள்ளையோடு அமர்ந்து மூன்று வினாக்களைக் கேட்டுப் பழக்க வேண்டுகிறோம்: இதைச் சொன்னவர் யார்? கதை நின்ற பிறகு இம்மனிதர் எத்தனை ஆண்டு வாழ்ந்தார், என்ன செய்தார்? இவருடன் நின்றவர்கள் யார் யார்? இம்மூன்றுக்கும் விடை தரும் நூலை அலமாரியில் வைக்கலாம். விடை தராத நூலையும் வாங்கலாம். விடை தேடும் வேலையைப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு.