யாரும் வரவில்லை

துப்பறியும் கதையை ஏன் இரண்டாம் முறை படிக்க வேண்டும் என்று நண்பர் கேட்டார். "கொலைகாரன் யாருன்னுதான் தெரிஞ்சிருச்சே!" பதில் சொல்லாமல், செஸ்டர்டனின் 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' கதையைக் கொடுத்தேன். 1911இல் வந்த முதல் ஃபாதர் பிரவுன் தொகுப்பில் உள்ளது. முடிவைச் சொல்லாமல் அதைப் பற்றிப் பேச முடியாது. படிக்காதவர்கள் படித்துவிட்டு வரலாம்.

லண்டன் அடுக்குமாடி ஒன்றின் வாசலில் நான்கு பேர் கண்காணிக்கிறார்கள். ஒருவர் போலீஸ்காரர். யாருமே உள்ளே போகவில்லை என்று நால்வரும் அடித்துச் சொல்கிறார்கள். ஆனால் பனியில் காலடித்தடம். மேல்மாடியில் ஸ்மைத்தைக் காணோம். போய் வந்தவன் தபால்காரன். அவன் கண்ணில் பட்டும் யாரும் அவனை ஓர் ஆளாக எண்ணவில்லை.

முதல் வாசிப்பில் 'அட!' என்று வியந்தேன். இரண்டாவதில் கூசியது. ஸ்மைத் பணக்காரனானதே வேலைக்காரர்களுக்குப் பதிலாக இயந்திரப் பொம்மைகளை விற்றுத்தான். தலையில்லாப் பொம்மைகள். வேலை செய்ய முகம் தேவையில்லை என்று காட்டியவனை, யாரும் முகம் பார்க்காத வேலைக்காரன் கொல்கிறான். இந்தப் பொருத்தத்தைச் செஸ்டர்டன் விளக்குவதில்லை, விளக்காததே அழகு.

எனக்கொரு மனக்குறையும் உண்டு. பிடிபட்டபின் தபால்காரன் ஃபாதர் பிரவுனிடம் என்ன பேசினான் என்பது நமக்குச் சொல்லப்படுவதில்லை. கண்ணுக்குத் தெரிந்தபின்னும் அவன் குரல் நமக்குக் கேட்கவில்லை.

புத்தகத்தைத் திருப்பித் தந்த நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க புளோக்குல தபால் போடுறது ஆணா பெண்ணான்னே எனக்குத் தெரியல" என்றார்.