சாதி புற்றுநோய் அல்ல

முற்போக்குக் கவியரங்குகளில் தவறாமல் ஒலிக்கும் ஓர் உவமை உண்டு: சாதி ஒரு புற்றுநோய். மேடைப் பேச்சிலும் சுவரொட்டியிலும் கருத்தரங்கக் கட்டுரைகளிலும் இதுதான். கைதட்டல் நிச்சயம். நானும் எழுதியிருக்கிறேன், தட்டல் வாங்கியிருக்கிறேன். இன்று அதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

காரணம் என் அம்மாவின் கழுத்து. எலுமிச்சங்காய் அளவில் ஒரு கழலை. அரசு மருத்துவமனையில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தார்கள். தாளில் 'ஃபாலிகுலர் நியோபிளாசம்' என்று வந்தது. "இது கேன்சருங்களா டாக்டர்?" என்று கேட்டேன். "இத வெச்சு சொல்ல முடியாதுங்க. எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

ஏதோ மழுப்புகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு விளங்கியது. தைராய்டில் வரும் இந்த வகைக் கட்டி சாதுவானதாக இருந்தாலும் கொடியதாக இருந்தாலும், செல்லைத் தனியே எடுத்துப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். கட்டியைச் சுற்றியுள்ள உறையை அது உடைத்து வெளியே போயிருக்கிறதா, ரத்தக் குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம். ஊசி செல்லைக் கொண்டுவரும், உறையைக் கொண்டுவராது. எனவே கட்டி இருக்கிற பாதியை அறுத்தெடுத்து, அதன் விளிம்பை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும், அதன் 10ஆம் திருத்தத்தில், எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாத கட்டிகளுக்கு டி37 முதல் டி48 வரை தனி இடம் ஒதுக்கியது.

பெயர் சும்மா இல்லை. 2016இல், உறைக்குள் அடங்கி எங்கும் ஊடுருவாத ஒருவகைத் தைராய்டுக் கட்டியின் பெயரிலிருந்து 'கார்சினோமா' என்ற சொல்லையே நிபுணர்கள் எடுத்துவிட்டார்கள். அந்தச் சொல் தேவையில்லாத பயத்தையும் தேவையில்லாத சிகிச்சையையும் கொண்டுவந்தது என்பதே காரணம். ஒரு சொல்லுக்கு மருத்துவர்கள் காட்டுகிற இந்தப் பொறுப்பை நம் கவிஞர்கள் காட்டுகிறார்களா?

வார்டில் அம்மாவின் படுக்கையோரம் உட்கார்ந்து கவிதைத் தொகுப்பு ஒன்றைப் புரட்டினேன். மூன்று கவிதைகளில் அதே உவமை. பக்கத்துப் படுக்கையில் மார்பு எடுக்கப்பட்ட ஓர் அக்கா. சமூகத்தின் கேடுகளுக்கெல்லாம் அவர் உடம்பின் நோய்தான் பெயர். சூசன் சொண்டாக் 1978இல் எழுதிய நூல் இதைத்தான் கேட்டது. வியட்நாம் போர்க்காலத்தில் வெள்ளை இனத்தைப் புற்று என்று தானும் எழுதியதை அதிலேயே அவர் ஒப்புக்கொண்டார். சொண்டாக்கும் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்தான்.

நோயாளிக்கு மட்டுமல்ல, நமக்கும் இந்த உவமை அநியாயம் செய்கிறது. புற்று என்பது உடம்பின் ஒழுங்கை மீறிய செல். அதற்கு நோக்கம் இல்லை, யாரும் அதைச் செய்வதில்லை, அதனால் யாருக்கும் லாபமில்லை. சாதி ஒழுங்கை மீறியதா? சாதிதான் இங்கே ஒழுங்கு! டீக்கடையில் தனி டம்ளரை எடுத்து வைக்கிற கைக்கு ஆள் இருக்கிறது. சுடுகாட்டுப் பாதையை மறிப்பவனுக்குப் பட்டா இருக்கிறது. 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் வெட்டியது ஏதோ ஒரு செல் அல்ல. நோய் என்று சொன்னதும் குற்றவாளி காணாமல் போகிறான். 'சமூகம்' என்ற பொது உடம்பு படுத்துக்கொள்கிறது. வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் ஒரே நோயாளி ஆகிவிடுகிறார்கள்.

அம்பேத்கரும் நோய் பற்றிப் பேசவில்லையா என்று தோழர்கள் கேட்கலாம். பேசினார். 'சாதி ஒழிப்பு' நூலின் இரண்டாம் பதிப்புக்கு 1937இல் எழுதிய முன்னுரையில், நோயாளி யார் என்று பெயர் சொல்லியே பேசினார்: இந்துக்கள். அவர்கள் நோயால் மற்றவர்களுக்கு ஆபத்து என்றும் சொன்னார். நம் கவிஞர்கள் உவமையை எடுத்துக்கொண்டு முகவரியைக் கிழித்துவிட்டார்கள்.

ஊரில் உறவுக்காரர்கள் அம்மாவுக்குத் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். என் முகமும் வாடித்தான் கிடந்தது. அம்மா சொன்னது: "பேரு தெரியற வரைக்கும் அது கழலதான். நீ எதுக்கு முன்னாடியே பேரு வெக்கற?"

ஆபரேஷன் முடிந்தது. அறிக்கை வியாழக்கிழமை வரும். அதுவரை அதைக் கட்டி என்றே சொல்கிறோம். சாதிக்கு அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. டம்ளரை வைத்தது யார் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரை எழுதுங்கள், கவிஞர்களே.