கடிகார முகப்பு: உருவமும் உரிமையும்

ஒரு கலைப்பொருளின் உருவத்தை அதனைத் தோற்றுவித்த சாதனத்திலிருந்து முற்றாகப் பிரித்து நோக்குதல் பொருந்தாது. கைக்கடிகாரத்தின் முகப்பு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். பொறிமுறைக் கடிகாரத்தில் முட்கள் ஒரே மையத்தைச் சுற்றுவதற்குப் பற்சக்கரங்களின் அமைப்பே காரணம். அவை வலஞ்சுழியாகச் செல்வதற்கு, வட அரைக்கோளத்தில் நிழற்கடிகாரத்தின் நிழல் நகர்ந்த திசை காரணம். அங்கு உருவம் தேவையின் பிள்ளை. ஸ்மார்ட் கைக்கடிகாரத்திலோ பற்சக்கரமும் இல்லை, நிழலும் இல்லை. கண்ணாடியின் கீழுள்ள திரையில் ஒளிப்புள்ளிகளால் ஆக்கப்படும் படமே அதன் முகப்பு. தேவையின் பிடியிலிருந்து உருவம் இவ்வாறு விடுபட்ட நிலையில், அவ்விடுதலையை முகப்பாக்குவோர் எங்ஙனம் பயன்படுத்தியுள்ளனர் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதலில் ஆக்கமுறையை நோக்குதல் தகும். முகப்பாக்குபவர் பொட்டோஷொப், இங்ஸ்கேப் போன்ற வரைகலை மென்பொருளிலே பின்னணி, எண்கள், முட்கள் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாக வரைகின்றார். ஒவ்வொரு முள்ளும் பன்னிரண்டை நோக்கி நிமிர்ந்து நிற்பதாக வரையப்பட்டு, பின்னணி ஒளிபுகுமாறு சேமிக்கப்படுகின்றது. பின்னர் சம்சுங் நிறுவனத்தின் வாட்ச் பேஸ் ஸ்ரூடியோ போன்ற கருவியில், அகலமும் உயரமும் 450 புள்ளிகளாயுள்ள பரப்பின்மேல் அப்படங்கள் அடுக்கப்படுகின்றன. சுழற்சி மையம் குறிக்கப்பட்டதும் நிமிட முள் நிமிடத்துக்கு 6 பாகையும், மணி முள் அதே நிமிடத்துக்கு அரைப் பாகையும் நகருகின்றன. கை தாழ்ந்திருக்கும் வேளைக்கெனக் கருநிறம் மிகுந்த இன்னொரு முகப்பும் வேண்டும். அதில் ஒளிரும் புள்ளிகள் நூற்றுக்கு 15க்கு மேற்படலாகாது என்பது வெயார் ஓஎஸ் தளத்தின் தர விதி. மின்கலத்தின் ஆயுளே இவ்விதியின் நோக்கம். உலோகத் தகடும் எனாமல் உலையும் கைவினைஞனின் பல்லாண்டுப் பயிற்சியும் வேண்டிய ஒரு தொழில், கணனியொன்று உடைய எவரும் ஓர் இரவிற் செய்யத்தக்கதாக மாறியுள்ளது. கலையாக்கத்திற் பலர் பங்குகொள்ள வழிதிறந்த மாற்றம் என இதனை வரவேற்றல் வேண்டும்.

ஆயின், திறந்த அவ்வழியே வந்து சேர்ந்தவை யாவை? அவற்றுட் பெருந்தொகையானவை பழைய சொகுசுக் கடிகாரங்களின் படங்களே. உருக்கு இல்லாத இடத்தில் உருக்கின் மினுக்கம். எதனையும் இறுக்காத திருகாணிகள். திரைக்குள் எங்கும் இல்லாத ஒரு விளக்கிலிருந்து முட்களுக்குக் கீழே விழும் நிழல். இங்கு மரபையும் பாவனையையும் வேறுபடுத்திக் காணல் வேண்டும். இரு முட்களும் பன்னிரு பிரிவுகளும் மரபு. கண் அவற்றுக்குப் பழகியுள்ளமையால் நேரம் ஒரே பார்வையிற் புலனாகின்றது. எனவே அவற்றைப் பேணுதலிற் குற்றமில்லை. பொய்த் திருகாணியோ நேரத்தைப் பற்றி எதனையும் கூறுவதில்லை. அது விலையைப் பற்றியே பேசுகின்றது. பொறிமுறைக் கடிகார மரபினுள்ளேயே எளிமைக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டுகள் உள. நேதன் ஜோர்ஜ் ஹோர்விற் 1947இல் வடிவமைத்த முகப்பில் எண்களே இல்லை. பன்னிரண்டின் இடத்தில் ஒரு வட்டம் மாத்திரம் உண்டு. போலிசெய்வோர் மரபிலிருந்து இத்தகைய துணிவைப் பெற்றுக்கொள்ளாது ஆபரணத்தையே பெற்றுக்கொண்டமை கவனத்திற்குரியது.

இவ்வாறு கூறுமிடத்து அவர்களுக்குரிய நியாயத்தையும் எடைபோடுதல் கடன். படியெடுத்துப் பழகாத ஓவியன் இலன். மேலும், உழைப்பாளி ஒருவனின் பல மாத ஊதியத்தை விழுங்கும் கடிகாரத்தை, அவன் விலையின்றித் தன் மணிக்கட்டிற் காண விரும்புவதை எள்ளுவதற்கு எவர்க்கும் உரிமை இல்லை. எனினும் அவ்வாசை படத்தினால் நிறைவுறும்போது நிகழ்வது யாது? தான் வாங்கவியலாத முகப்பே தலைசிறந்த முகப்பு என அவன் கையே நாள்தோறும் பறைசாற்றுகின்றது. ஏற்றத்தாழ்வு குலையவில்லை, அது அவன் கையில் ஒளிர்கின்றது. விமர்சனம் கடிந்துகொள்ள வேண்டியது அவன் ஆசையை அன்று. அவ்வாசைக்கு வேறு உருவம் அளிக்கத் தவறிய ஆக்குநரின் சோம்பலையே அது கடிந்துகொள்ள வேண்டும்.

இப்போலிகள் பற்றிய வழக்கொன்று இங்கிலாந்தின் மேல் நீதிமன்றத்தில் 2022ஆம் ஆண்டு தீர்க்கப்பட்டது. பிரெகே, ஒமேகா, லொஞ்ஜின் முதலிய சுவிஸ் பெயர்களுக்குரிய கம்பனிகள் சம்சுங் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கு அது. 2015 ஒக்ரோபர் முதல் 2019 பெப்ரவரி வரை சம்சுங்கின் களஞ்சியத்திற் கிடைத்த முகப்புச் செயலிகள் தம் வியாபாரக் குறிகளை மீறின என்பது வழக்காளிகளின் வாதம். பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலுமாக அவை ஏறத்தாழ 160,000 தடவைகள் பதிவிறக்கப்பட்டிருந்தன. அவை பிறர் ஆக்கியவை என்றும், தான் இடமளித்தவர் மாத்திரமே என்றும் சம்சுங் வாதிட்டது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. முகப்புக்களை ஆக்கும் கருவியை வழங்கியதும், வெளியீட்டுக்கு முன்னர் அவற்றைப் பரிசீலித்ததும், அவற்றின் பன்மையைக் காட்டித் தன் கடிகாரத்தை விற்றதும் அந்நிறுவனமே. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு டிசெம்பரில் இத்தீர்ப்பை உறுதிசெய்தது.

சட்டத்தின் நோக்கில் இது வியாபாரக் குறி பற்றிய பிணக்கு. திறனாய்வின் நோக்கில் இத்தீர்ப்பு வேறோர் உண்மையையும் வெளிப்படுத்துகின்றது. தனியொருவனின் சுதந்திரமான ஆக்கம் எனப் போற்றப்பட்டது, உண்மையில் ஒரு பெருநிறுவனத்தின் விற்பனைக்குப் பயன்பட்ட உழைப்பாகும். ஆக்கியவன் பெயர் மறைந்துபோக, வழக்காடியவை இரு பெருமூலதனங்களே.

பெருநிறுவனங்களும் பிறர் முகப்பை எடுத்தாளத் தயங்கவில்லை. சுவிற்சர்லாந்தின் புகையிரத நிலையங்களிற் காணப்படும் கடிகாரம், சமஷ்டிப் புகையிரதச் சேவையிற் பணியாற்றிய ஹான்ஸ் ஹில்விக்கர் என்னும் பொறியியலாளர் 1944இல் வடிவமைத்தது. புகையிரத அதிகாரி உயர்த்திக் காட்டும் சிவப்புச் சைகைத் தட்டின் வடிவில் அமைந்த செக்கன் முள் 1953இற் சேர்க்கப்பட்டது. அம்முள் ஏறத்தாழ 58.5 செக்கன்களில் ஒரு சுற்றை முடித்து, மேலே சற்று நின்று, நிமிடக் குறிப்புக் கிடைத்ததும் மீண்டும் புறப்படும். எல்லா நிலையங்களும் ஒரே நிமிடத்திற் புறப்பாட்டை அறிய வேண்டும் என்னும் தேவையே அங்கு அழகாயிற்று. அப்பிள் நிறுவனம் 2012இல் இம்முகப்பைத் தன் ஐபாட் கருவியில் அனுமதியின்றிப் பயன்படுத்திப் பின்னர் உரிமக் கட்டணம் செலுத்தியது. 2015இல் அதே நிறுவனம் தன் கைக்கடிகாரத்தை வெளியிட்டபோது, வெளியார் முழு முகப்பை ஆக்குவதற்கு இடமளிக்கவில்லை. பயனர் தருவனவற்றுள் ஒன்றைத் தெரிந்து, நிறம் மாற்றி, சிறு தகவற் கூறுகளைப் பொருத்தலாம், அவ்வளவே. எடுத்தாளும் உரிமை ஒருவர்க்கு. தெரிந்தெடுக்கும் உரிமை மாத்திரமே மற்றையோர்க்கு.

இவற்றுக்கு மாறாக நோக்கற்பாலது பெபிள் என்னும் கைக்கடிகாரம். 2012இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி ஒரு கோடி டொலருக்கு மேற் பெற்று, 2013இல் வெளிவந்தது அது. அதன் முதல் திரை 144 புள்ளி அகலமும் 168 புள்ளி உயரமும் கொண்டது. கறுப்பு, வெள்ளை என இரு நிறங்களே உடையது. உருக்கின் மினுக்கத்தை அதிற் காட்டவியலாது. நிழலை மென்மையாக்கவும் இயலாது. அதனால் ஆக்குநர் நேரத்தை எங்ஙனம் கூறுவது என்னும் மூல வினாவுக்கே திரும்பினர். நேரத்தைச் சொற்களாக எழுதிக்காட்டும் முகப்பு அத்தகைய விடைகளுள் ஒன்று. செழுமையான திரை போலியை வளர்க்க, வறிய திரை புத்தாக்கத்தைத் தூண்டியமை ஒரு முரணாகத் தோன்றலாம். யாப்பின் கட்டுப்பாடு கவிஞனின் கற்பனையைக் கூர்மைப்படுத்துதலை அறிந்தோர்க்கு இது வியப்பன்று. எனினும் அந்நிறுவனம் 2016இல் மூடப்பட்டது. அதன் முகப்புக்களைப் பேணும் பணி ஆர்வலர் குழுவினர் கைக்கு மாறியது.

2023இல் கூகிளும் சம்சுங்கும் இணைந்து முகப்புக்களுக்கெனப் புதிய எழுத்தமைப்பொன்றை அறிமுகப்படுத்தின. அதன்படி முகப்பினுள் நிரல் இயங்குவதில்லை. படங்களையும் அவற்றின் இயக்கத்தையும் விவரிக்கும் குறிப்பே உண்டு. மின்கலத்துக்கும் பாதுகாப்புக்கும் இது நன்று. ஆயின் முன்னறியப்பட்ட கூறுகளுக்கு அப்பாற் செல்ல விரும்புவோர்க்கு வாயில் குறுகியுள்ளது. கட்டுப்பாடு என்ற அளவில் இது பெபிளின் திரையை ஒத்ததாயினும், ஒரு வேறுபாடு உண்டு. பெபிளின் எல்லை பெரிதும் பொருளின் இயல்பால் வந்தது. இவ்வெல்லையோ ஆணையால் வகுக்கப்பட்டது. வகுத்தவரே அதனை மாற்றவும் வல்லவர்.

கைக்கடிகார முகப்பு சிறு பொருளே. ஆயினும் ஒருவன் ஓவியக்கூடத்துக்கு ஆண்டுக்கொருமுறை செல்லாதிருக்கலாம். தன் மணிக்கட்டை நாளொன்றுக்குப் பன்முறை நோக்காதிருக்க மாட்டான். அத்துணை அண்மையிலுள்ள ஒரு கலையைத் திறனாய்வு புறக்கணித்தல் முறையன்று. இம்முகப்பு அழகியதா என்பதோடு, இதன் உருவம் எத்தேவையிலிருந்து பிறந்தது, இதனை மாற்றும் உரிமை எவரிடம் உள்ளது என்னும் வினாக்களையும் அது எழுப்புதல் வேண்டும். வரைகலை மென்பொருள் தூரிகையைப் பலர் கையிற் கொடுத்துள்ளது. அத்தூரிகையாற் பிறர் செல்வத்தின் சாயலை வரைவதா, தம் நேரத்தின் வடிவத்தை வரைவதா என்பதை ஆக்குநரே தீர்மானித்தல் வேண்டும். அத்தீர்மானத்துக்குரிய இடம் பறிபோகாது காத்தல் அவர்க்கும் பயனர்க்கும் பொதுவான கடனாகும்.