வளர்வான் என்னும் அனுமானம்

அமெரிக்கக் கல்லூரிகளில் கூடைப்பந்தாடும் இளம் கார்டுகளை எடைபோடும் என்பிஏ அணிகள், அவர்கள் இன்று ஆடும் ஆட்டத்தைக் காட்டிலும் நாளை ஆடக்கூடிய ஆட்டத்துக்கே அதிக விலை வைக்கின்றன. இவ்வழக்கத்தில் நியாயம் இல்லாமற் போகவில்லை. 22 வயதுக்காரர் காட்டும் திறமையை 19 வயதிலேயே ஒருவர் காட்டினால், பின்னவருக்குக் கற்க அவகாசம் மிகுதி என்று கொள்வது யுக்திக்கு இசைந்ததே. ஆயினும் அந்த அவகாசமே ஆற்றலாக மயங்கிக் கொள்ளப்பட்டு, வயதுக் குறைவும் கை நீளமும் பாய்ச்சலின் வேகமும் வளர்ச்சிக்குப் பிரமாணங்களாகிவிட்டன. வில்லனோவாவில் மூன்றாண்டு ஆடி, 2016, 2018 ஆகிய ஆண்டுகளின் சாம்பியன் அணிகளில் இடம்பெற்று, 2018இல் நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குரிய விருதுகளையும் பெற்ற ஜேலன் பிரன்சன், அவ்வாண்டுத் தேர்வில் 33ஆம் இடம்வரை காத்திருக்க நேர்ந்தது. பின்னாளில் நியூயார்க் அணிக்கு அவரே தலைவரானார்.

ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கை இம்முறையின் வெற்றியாகச் சொல்வதுண்டு. யுசிஎல்ஏவில் முதலாண்டு ஆட்டமொன்றுக்கு 3.4 புள்ளிகளே எடுத்தவர், மறு ஆண்டு 12.7 எடுத்து, 2008இல் நான்காம் இடத்தில் தேர்வானார். அவருடைய தேகபலத்தைப் புகழ்வோர் புகழட்டும். எனக்கோ அந்த ஓராண்டில் நிகழ்ந்துவிட்ட மாற்றமே மெய்யான சாட்சியாகத் தோன்றுகிறது.

எண்களை நம்புவோர் ஃப்ரீ த்ரோவைப் பார்க்கச் சொல்கிறார்கள். மறிப்பவர் எவரும் இன்றி, என்றும் மாறாத 15 அடித் தொலைவிலிருந்து எறிவதால், கையின் சுபாவத்தை அது உள்ளபடி காட்டும் என்பது அவர்கள் வாதம். கல்லூரியில் மூன்று புள்ளி எறிகளில் 41 சதவீதம் வென்ற லான்சோ பால், ஃப்ரீ த்ரோவில் சுமார் 67 சதவீதத்திலேயே நின்றார். என்பிஏ முதலாண்டில் முன்னது 30.5 ஆகச் சரிந்தபோது வாதம் பலித்தது. ஆனால் எறியும் பாங்கையே திருத்திக்கொண்டு 2021-22 பருவத்தில் அவர் 42 சதவீதத்தை எட்டியதை எந்த எண் முன்னறிவித்தது?

தேர்வாளர் தேடவேண்டியது, ஒரு பருவத்துக்கும் மறு பருவத்துக்கும் இடையே ஆட்டக்காரர் புதிதாகக் கைக்கொண்டது என்ன என்பதையே. ஓராண்டிலேயே கல்லூரியை விட்டுப் போகிறவரிடம் இது செல்லாது என்பது மெய்தான். செல்லும் இடத்திலும் பார்ப்பதில்லை என்பதே என் குறை. டேவிட்சன் கல்லூரியில் பந்தை நடத்தி வந்த தோழர் படிப்பு முடித்துச் சென்றபின், மூன்றாமாண்டில் அப்பொறுப்பை ஏற்ற ஸ்டீபன் கரி, தாம் அளிக்கும் அசிஸ்டுகளை ஆட்டமொன்றுக்கு 2.9இலிருந்து 5.6 ஆக உயர்த்தியிருந்தார். அப்படியிருந்தும் 2009இல் மினசோட்டா அணி, ஐந்தாம், ஆறாம் இடங்களில் அடுத்தடுத்து இரண்டு பாயிண்ட் கார்டுகளைத் தேர்ந்தெடுத்து, இவரை ஏழாம் இடத்தில் இருந்த கோல்டன் ஸ்டேட் அணிக்கு விட்டுவிட்டது.