படம் போனது, சுவரொட்டி மிஞ்சியது

டாட் பிரௌனிங் இயக்கி லான் சேனி நடித்த திகில் படமான 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' (1927) இன்று இல்லை. கடைசிப் பிரதி 1960களில் எம்.ஜி.எம். கிடங்குத் தீயில் போயிற்று. அதன் சுவரொட்டியொன்று 2014இல் 4,78,000 டாலருக்கு ஏலம்போனது. குறி சுட்டிய பொருள் செத்துப்போச்சு. குறி மட்டும் ஆவிபோல் திரிகிறது.

ஒரு வாரம் ஒட்டிக் கிழிக்கவே அச்சடித்த தாள் இது. வேலை பார்த்தவை பெரும்பாலும் அழிந்தன. சும்மா கிடந்தவை 'அரியவை' ஆயின. இயந்திரப் பிரதி கலையின் ஒளிவட்டத்தைக் கலைக்கும் என்றார் வால்டர் பெஞ்சமின். சேகரிப்பாளரோ அழிவின் தயவில் அந்த ஒளிவட்டத்தைப் பிரதிக்கே மாட்டிவிடுகிறார்.

அவரைத் திட்டிப் பயனில்லை. யாரோ பொறுக்கி வைத்திராவிட்டால் படத்துக்கு இந்தச் சாட்சியும் இருந்திருக்காது. ஆனால் தெருவில் போகிறவனைப் பயமுறுத்த வந்த தாள், பெட்டகத்துக்குள் கிடந்து யாரிடம் சாட்சி சொல்லும்?