நேதாஜி படமும் பீடோங் தொண்டர்களும்

கடாரத்துத் தோட்டப்புறத்தைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் அது ஒரு கட்டத்தில் சுபாஷ் சந்திர போஸிடம் போய் நின்றுவிடும். லயத்து வீட்டுச் சுவரில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் ராணுவ உடுப்போடு அவர் இருப்பார். 1945 ஆகஸ்ட் 18இல் தைப்பேயில் விமான விபத்தில் அவர் இறந்துபோனதை நம் பெரியவர்கள் ஏற்கவே மாட்டார்கள். "நேதாஜியாவது சாகறதாவது!" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இதை ஏமாளித்தனம் என்று சிரித்துத் தள்ளும் கட்டுரைகளை வாசித்திருக்கிறேன். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் பேசிய இந்துஸ்தானியை மேடையில் ஒருவர் மொழிபெயர்க்க, கூட்டம் கேட்டது. அப்படியிருந்தும் பால்மரம் வெட்டிய பெண்கள் ஜான்சி ராணி படையில் போய்ச் சேர்ந்தார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஒதுங்கி நின்ற சனம் இது. அதற்கு நிமிர்ந்து நிற்கவும் வரிசையில் நடக்கவும் ஒரு காரணம் கிடைத்தது. தலைவனின் வசீகரம் தொண்டர்கள் ஒப்புக்கொள்ளும்வரைதான் நிற்கும் என்பார் மாக்ஸ் வேபர். தோட்டத்து ஆட்கள் போஸிடம் பாதியைக் கண்டார்கள், மீதியைத் தாங்களே போட்டு நிரப்பினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த மீதிதான் தொன்மம்.

போர் முடிந்தது, படை கலைந்தது, துரைகள் திரும்பி வந்தார்கள். பழைய பெரட்டு, பழைய கள்ளுக்கடை. ஆனால் உடம்பு பழகிய நிமிர்வு போய்விடவில்லை. பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. ஐ.என்.ஏ. பாணியில் அணிவகுப்பு, இலக்கோ டில்லி கிடையாது, லயத்துக்கோடியில் இருந்த கள்ளுக்கடை. கூலியைக் கள்ளில் கரைக்கவிடாமல் மறியல் செய்தார்கள். கூடவே தொழிற்சங்க வேலையும் நடந்தது. 1947இல் போலீஸ் மோதல்களில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். சாமி கைதானார். படை ஒடுக்கப்பட்டது.

சாமி படத்துக்கு மாலை போட்ட வீட்டை நான் பார்த்ததில்லை. காரணம் எளிது. போஸ் தூரத்து ஆள், அவரை யாரும் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்கவில்லை. சாமி நம் பாஷை பேசியவர், பக்கத்து ஆள். அவரோடு சண்டை போடலாம், கணக்குக் கேட்கலாம். தொண்டர் படை குடித்தவர்களைப் பிடித்துத் தண்டித்ததும் உண்டு. அதைப் பட்டவன் கும்பிடுவானா? தொன்மம் ஆவதற்கு ஒரு தலைவர் சீக்கிரம் கண்ணைவிட்டு மறைய வேண்டியிருக்கிறது. (எம்.ஜி.ஆர். விதிவிலக்கு என்பீர்கள். அவரும் திரைக்குள்ளேதானே இருந்தார்.)

என் புகார் இலக்கியத்தின் மீதுதான். அ. ரெங்கசாமி 'இமையத் தியாகம்' எழுதி ஐ.என்.ஏ. காலத்தைப் பதிவு செய்தார். அந்த உழைப்பு பெரிது. ஆனால் போஸைப் பற்றிய நம் எழுத்தில் பெரும்பாலானவை அவரை எட்டி நின்று வணங்குகின்றன. சாதாரண ஆள் ஒருவன் ஏன் அவரை அப்படி நம்ப நேர்ந்தது, அந்த நம்பிக்கையை வைத்துத் தன் தோட்டத்தில் என்ன செய்தான் என்ற இடத்துக்குள் அவை நுழைவதில்லை.

ம. நவீனின் 'பேய்ச்சி' வேறு வழியில் போகிறது. லூனாஸில் 1981இல் நச்சுச் சாராயம் ஆளைக் கொன்ற சம்பவம் அதன் பின்புலம். பீடோங்கில் கள்ளுக்கடை மறியல் நடந்து முப்பத்துச் சொச்சம் வருஷம் கழித்து, அதே கடாரத்தில், அதே குடி. இந்தத் தடவை தலைவனே இல்லை. அந்தக் காலி இடத்தில் ஓலம்மாவும் நாட்டார் தெய்வமும் வந்து நிற்கிறார்கள். 2020 டிசம்பரில் அரசு நாவலைத் தடை செய்தபோது நாம் ஆபாசமா இல்லையா என்று மட்டும் அடித்துக்கொண்டோம். தொண்டர் படை தோற்ற ஊரில் சனம் ஏன் பேய்ச்சியிடம் போனது என்று அப்போது யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.